பட்டாளத்து மாடன் கேட்ட ரத்தம்

1

ஈப்போவில் லாரிக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். கோணல் இல்லாமல் கட்டுகிறவன் நான் ஒருவன்தான். சீன முதலாளிகளான தவுக்கேமாரே தங்கள் லாரியை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஊர்ப்பக்கம் பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் அடிபட்டு, கண் எரிந்து கற்றதுதான் என் படிப்பு. எழுபத்தொன்பது வயதில் இன்றைக்கும் நான் வைக்கிற பற்றவைப்பைப் பார்த்துவிட்டு இளவட்டங்கள் வாயைப் பிளக்கிறார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு மீன் லாரியின் துருப்பிடித்த தளத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் மகன் செல்லத்துரை. ஊர்ப் பெயர் வேண்டாம். சேரன்மாதேவி தாண்டி ஆற்றுக்குத் தென்கரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் பிழைத்தாக வேண்டும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளக்ஸ் வைத்துவிட்டார்கள் என்றான். அதில் செத்துப்போன சங்கிலியின் படம், பட்டாளத்து உடுப்போடு. கீழே ‘போர் வீரர்’ என்று கொட்டை எழுத்து. வைத்தவன் சங்கிலியின் பேரன் கார்த்திக். செல்லத்துரை ஆட்களோடு போய்க் கிழித்திருக்கிறான். கார்த்திக்கின் மண்டையில் ஏழு தையல். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குச் சுண்டுவிரல் போய்விட்டது.

“நம்ம பிச்சையா தாத்தாவைக் கொன்னுட்டு வந்தவன் போர் வீரனாம். பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா சித்தப்பா?”

சித்திரையில் எங்கள் வீட்டுச் சாமி பட்டாளத்து மாடனுக்குக் கொடைத் திருவிழா. மாடன் வருஷா வருஷம் ரத்தம் கேட்கிறான். இந்த வருஷம் கொடுத்துவிடுவது என்று தெருவில் பேசி முடித்துவிட்டார்களாம். ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், கார்த்திக் என்று. என்னிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. உலகச் சண்டைக் காலத்தில் நடந்ததற்கு வெள்ளைக்காரன் எங்கேயாவது காகிதம் வைத்திருப்பான். கொன்றது சங்கிலிதான் என்று அதில் இருந்தால் ஊர் முழுக்க எங்கள் பக்கம் நிற்கும். நான் அதை வாங்கி வர வேண்டும்.

“வாங்கிட்டு வாரேம்லே” என்றேன். என்னால் முடியாது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தத் திமிரில்தான் சொன்னேன்.

2

பிச்சையா என் அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா. நான் பிறக்கும் முன்பே செத்தவர். உலகச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் போனார்கள். எங்கள் தெருவிலிருந்து பெரியப்பா. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சங்கிலி. அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்கள் வயல்களில் வேலை செய்தவர்கள். எங்கள் தெருவுக்குள் செருப்போடு அவர்கள் நடக்க முடியாத காலம் அது. வயதில் மூத்தவரையும் நாங்கள் அவன் இவன் என்றுதான் சொல்வோம். இப்போது அவர் என்றே எழுதுகிறேன்.

சண்டை முடிந்து சங்கிலி மட்டும் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே எங்கள் வாசலுக்கு வெளியே நின்று, பெரியப்பாவின் வெள்ளி அரைஞாணைத் தரையில் வைத்தார். “அவுக போய்ட்டாவ” என்றாராம். அவ்வளவுதான். எப்படிச் செத்தார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். யார் எரித்தார்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

ஆண்பிள்ளையின் அரைஞாண் உயிருள்ள மட்டும் இடுப்பை விட்டு இறங்காது. அது எப்படிக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன் கையில் வந்தது? வெள்ளிக்காகக் கொன்றிருக்கிறான். பிறகு நெஞ்சு உறுத்தி, கொண்டுவந்து போட்டுவிட்டான். எங்கள் வீட்டார் இப்படி முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவும் சித்தப்பாமார் இரண்டு பேரும் அவரைக் கால்வாய்க்கரை மருதமரத்தில் கட்டிவைத்து மாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். சாட்டை நுனி பட்டு இடது கண் போனது. விலா எலும்பு இரண்டு உடைந்தது. ஒரு தடவைகூட அவர் கையை உயர்த்தித் தடுக்கவில்லை என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். குற்றமில்லாதவன் தடுக்காமல் இருப்பானா என்பார்.

வெட்டுப்பட்டும் அடிபட்டும் செத்தவன் எங்கள் பக்கத்தில் சும்மா போவதில்லை. பீடம் கட்டிச் சாமியாக்கிக் கொடை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவான். எங்கள் வீட்டில் மூன்று வருஷத்துக்குள் இரண்டு பிள்ளைகள் செத்தன. குறி கேட்டார்கள். பெரியப்பா வந்து நிற்கிறார் என்று குறி விழுந்தது. கால்வாய்க்கரையில் பீடம் எழும்பியது. கிடா, சாராயம், சுருட்டு, ஒரு ஜோடி பூட்ஸ். எங்கள் வீட்டு ஆண் ஒருவன் மேல் மாடன் இறங்கி, கொடைக்குக் கொடை அதே கேள்வியைக் கேட்பான்.

“என்னைக் கொன்னவன் ரத்தம் எங்கலே?”

3

இருபது வயதில் அந்தக் கேள்வி என் முகத்துக்கு நேராக வந்தது. சாமியாடிய என் சித்தப்பா என் மீசையைப் பிடித்து இழுத்து, இது எதற்கு இருக்கிறது என்று கேட்டார். பெண்கள் கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் அரிவாளோடு கால்வாய்க்குப் போனேன். சங்கிலி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கமாகப் போகாமல் நேருக்கு நேராகப் போனேன் என்பதை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வீரம் என்று வைத்திருந்தேன். வலது தோளில் வெட்டினேன். அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டது. அவர் நெஞ்சில் காலை ஊன்றிப் பிடுங்கினேன். சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.  மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் என் முகத்தையே பார்த்தார்.

“அண்ணன் சாடை அப்படியே இருக்கு ஒனக்கு” என்றார்.

எங்கள் பெரியப்பாவை அந்தத் தெருக்காரன் அண்ணன் என்பதா? அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டாவது வெட்டு. அதே கையில், முழங்கைக்குக் கீழே.

கை துண்டாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கையால் அவர் சோறு அள்ளியதில்லை. போலீஸ் வந்து கேட்டபோது, வரப்பில் வழுக்கி அரிவாள் மேல் விழுந்துவிட்டேன் என்றாராம். இரண்டு வெட்டு எப்படி விழும் என்று கேட்டதற்கு, இரண்டு தடவை விழுந்தேன் என்றாராம். பயந்துவிட்டான் என்று எங்கள் தெரு கொண்டாடியது. இருந்தாலும் அப்பா பதினைந்து நாளில் என்னை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்டார். பினாங்கில் இறங்கி, லாரிப் பட்டறைகளில் இரும்பு சுமந்து, இந்த ஈப்போவில் என் பெயரில் பட்டறை போட்டேன். கூட்டாளிகள் சேர்கிற இடத்தில், என் பெயரைப் போலீசிடம் சொல்ல எங்கள் ஊரில் ஒருவனுக்கும் தைரியம் இருக்கவில்லை என்று சொல்லாத மாதம் கிடையாது. என் மனைவி இருந்தவரை அவளுக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதில்லை.

4

காகிதம் வாங்குவது பெட்டி கட்டுவது போல இல்லை. என் மகள் கலாவுக்குக் கோலாலம்பூரில் கணக்காளர் வேலை. அவள்தான் கம்ப்யூட்டரில் தேடினாள். பெரியப்பாவின் பெயர் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் ஒரு குன்றின் மேல் இருக்கிற நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்களாம். எண் இருந்தது, பட்டாளத்தின் பெயர் இருந்தது, கைதியாக இருக்கும்போது மரணம் என்று இருந்தது. எப்படி மரணம் என்று இல்லை.

அதைக் கேட்டு, பட்டாளக் காகிதங்களை வைத்திருக்கிற அலுவலகத்துக்கு ஒரு படிவம் போட்டோம். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். அப்பா முறை என்று நான் சொன்னேன். கலா அப்பா என்று எழுதி அனுப்பிவிட்டாள். மூன்று வாரம் கழித்து, நீங்கள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் இறந்தவர் எப்படி உங்கள் தகப்பனாராக இருக்க முடியும் என்று மரியாதையாகக் கேட்டுப் பதில் வந்தது. என் அம்மா மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டாயே என்று நான் கத்த, கலா சிரித்துச் சிரித்து இருமினாள். அடுத்து, ஊரிலிருந்து வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். செல்லத்துரை கிராம அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவர், எந்தப் பிச்சையா, கால்வாய்க்கரை மாடனா, சாமிக்கு வாரிசு என்று எழுதிக்கொடுத்தால் நாளைக்கு என் வீட்டில் யார் பதில் சொல்வது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

பெர்த்தில் இருக்கிற என் மகன் இந்தத் தேடலை ஒரே வார்த்தையில் முடித்தான்: எதற்கு? வீடியோவில் பேரனிடம் மாடனைப் பற்றிச் சொன்னேன். சாமிக்கு எந்த அளவு பூட்ஸ் என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள் அவன் அப்பா போனை வாங்கி, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

கலா விடவில்லை. சண்டை முடிந்ததும் ஜப்பான் காவலர்களை நிறுத்தி விசாரித்த வழக்குகளின் கட்டுகள் லண்டனில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, பெரியப்பாவின் பட்டாளத்தை அடைத்துவைத்திருந்த முகாமின் பெயரைத் தேடி எடுத்துக் கொடுத்து நகல் கேட்டாள். மாசி மாதம் வந்து சேர்ந்தது. நாற்பது பக்கம், பூரா இங்கிலீஷ்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, என் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். தமிழில் பேசுவாள், எழுத வராது. ஒவ்வொரு வரியாக அவள் சொல்லச் சொல்ல நான் என் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“சாட்சி சொன்ன ஆளு, செத்தவரோட தம்பின்னு போட்டிருக்குப்பா. நம்ம தாத்தாவா?”

என் அப்பா ஊரைத் தாண்டியவரில்லை. பெயரைப் படி என்றேன்.

“சங்கிலின்னு இருக்கு. கைநாட்டு.”

நான் எழுதுவதை நிறுத்தி மறுபடி தொடங்கியதை அவள் கவனிக்கவில்லை. படித்துக்கொண்டே போனாள். அதை இங்கே அப்படியே வைக்கிறேன்.

விமானத் தளம் போடுகிற வேலை. ஒரு நாளைக்கு ஒரு சிரட்டைக் கஞ்சி. காவலர்களின் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு இருந்தது. ஒருநாள் கிழங்கு தோண்டிய குழி தெரிந்துவிட்டது. ஒரு காவலன் எங்களை வரிசையில் நிற்கவைத்து யார் என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்தாவது ஆளைச் சுடுவேன் என்று எண்ண ஆரம்பித்தான். பிச்சையா முன்னால் போய் நான்தான் என்றார். முழங்காலுக்குப் பின்னால் கனமான மூங்கிலை வைத்து மண்டியிடச் சொன்னார்கள். தொடைமேல் இரண்டு பேர் ஏறி நின்று குதித்தார்கள். மூட்டு கழன்ற சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. பிறகு மண்வெட்டிக் காம்பால் முதுகில், கழுத்தில், வாயில். காம்பு முறிந்ததும் இன்னொன்று கொண்டுவந்தார்கள். தண்ணீர் கேட்டார். மூக்கில் ஊற்றினார்கள். பொழுது சாயும் மட்டும் உயிர் இருந்தது.

அதற்குப் பின்னால்: செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடுவதுதான் அங்கே வழக்கம். எரிக்க வேண்டுமென்றால் கூடப்பிறந்தவன் கேட்க வேண்டும். ஆகையால் நான் தம்பி என்று சொன்னேன். என்னை அதற்காக அறைந்தார்கள், ஆனால் விட்டார்கள். மரப்பட்டையும் பழைய டயரும் சேர்த்து அடுக்கினேன். எங்கள் வழக்கப்படி அரைஞாணை அறுத்தேன். நெருப்பு வைத்தேன். சாம்பலை ஓடையில் விட்டேன்.

அரைஞாணை அறுத்தேன். இந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எங்கள் ஊரில் எரிக்கும் முன் அரைஞாணை அறுத்துவிட்டுத்தான் நெருப்பு வைப்பார்கள். பிறந்த கோலத்தில் போக வேண்டும் என்பது கணக்கு. அதைச் செய்கிறவன் மகன், மகன் இல்லாவிட்டால் தம்பி. எங்கள் வீட்டில் எத்தனை சாவு பார்த்திருப்போம். அந்த வெள்ளி வாசலில் வந்து விழுந்தபோது, கடைசிக் காரியம் செய்தவன் வந்து நிற்கிறான் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அந்தத் தெருக்காரன் எங்கள் ஆளுக்கு அதைச் செய்யமுடியும் என்பதே எங்கள் புத்தியில் ஏறாத விஷயம். அதனால் திருடன் என்றோம்.

“கடைசியில ஒரு வரி இருக்கு” என்றாள் கலா. “கிழங்கைத் தோண்டினது நான்தான். அவர் எனக்காக முன்னால போனார்னு சொல்லியிருக்கார். பாவம்பா. எவ்வளவு நல்ல மனுசன். ஊர்ல இவரோட ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? போய்ப் பார்க்கணும்பா.”

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். தோள், எலும்பு, கால் வைத்துப் பிடுங்கியது, இரண்டாவது வெட்டு, எல்லாம். அவள் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கினாள். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மேசையில் அவள் குடிக்காத காப்பி ஆறிப்போய் இருந்தது.

6

அந்த விமானத் தளம் இருந்த இடம் ஈப்போவிலிருந்து மூன்று மணி நேரக் கார் ஓட்டம். இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். தனியாகத்தான் போனேன். அந்தத் தோட்டத்துக்கு நான் கட்டிக்கொடுத்த லாரிகளே இரண்டு அங்கே நின்றன. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போய், அந்த ஓடைப் பக்கம் வண்டியை நிறுத்தி ஒன்றுக்கிருந்திருக்கிறேன். காவலுக்கு நின்ற வங்காளதேசத்துக்காரர் என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். என் அப்பா இங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டார். ஓடையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கூடவே நின்றார்.

7

சித்திரைக் கொடைக்கு மூன்று நாள் முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தேன். காகிதத்தைக் காட்டு என்று செல்லத்துரை நச்சரித்தான். பீடத்துக்கு முன்னால்தான் படிப்பேன் என்றேன். பெரிய ஆள் நான், கொடைச் செலவில் பாதிக்கு மேல் என்னுடையது, அதனால் ஒன்றும் பேசமுடியாமல் போய்விட்டான். விமானத்தில் வரும்போதே அந்தக் கடைசி வரியை நோட்டில் கோடு போட்டு அடித்தேன். கிழங்கைத் தோண்டினது நான்தான் என்ற வரி. அதைப் படித்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இறங்குவதற்குள் மறுபடி எழுதிவிட்டேன். மாடன் முன்னால் பாதியைப் படித்துப் பாதியை மறைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

உச்சிக்கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. கால்வாய்ப் பாலத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியோடு நின்றார்கள். ஐப்பசிச் சண்டைக்குப் பிறகு போட்ட காவல். அந்தக் கரையில் ஒருவரும் வெளியே வரவில்லை. மேளம் ஏற ஏறச் செல்லத்துரைக்குச் சாமி வந்துவிட்டது. வெட்டரிவாளை வாயில் கடித்துக்கொண்டு குதித்தான். கிடாவின் கழுத்து ஒரே வீச்சில் போனது. ரத்தத்தைக் கைநிறைய ஏந்திக் குடித்துவிட்டு, நெஞ்செல்லாம் வழிய, அதே கேள்வியைக் கேட்டான்.

“என்னைக் கொன்னவன் ரத்தம் எங்கலே?”

நான் முன்னால் போனேன். “மாடா, மலேயாவுலேருந்து ஒன் காயிதம் கொண்டாந்திருக்கேன். படிக்கட்டா?”

சாமி தலையாட்டியது. மேளத்தை நிறுத்தச் சொல்லிப் படித்தேன். மூங்கில் வந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெருப்பு வைத்தது யார் என்று வந்தபோது, என் வயதொத்த பங்காளி ஒருவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கடைசி வரியையும் படித்தேன்.

செல்லத்துரையிடமிருந்து சாமி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கண் தெளிந்துவிட்டது.

“கேட்டியளா? கெழங்கு களவாண்டது அவன். அடிபட்டுச் செத்தது நம்மாளு. இதைத்தான நாங்களும் எம்பது வருசமா சொல்லுதோம்?”

“அதுக்கு மேல உள்ளதையும் சேத்துக் கேளுலே” என்றேன்.

“சித்தப்பாவுக்கு வயசாயிட்டு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அரிவாளின் முதுகால் என் வாயில் அறைந்தான். இரண்டு பல் உள்ளே விழுந்தன. துப்பினேன். நோட்டு முழுக்க ரத்தம். இளவட்டங்கள் பீடத்துக்குப் பின்னால் சாக்கில் மறைத்துவைத்திருந்ததை எடுத்தார்கள். எல்லாம் அரிவாள். பாலத்தை நோக்கி ஓடினார்கள். போலீஸ்காரர்கள் லத்தியைச் சுழற்றினார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு உடைந்த சத்தம் கேட்டது. அந்தத் தள்ளுமுள்ளில், வாயில் ரத்தம் வழிகிற கிழவன் ஒருவன் பாலத்தைக் கடப்பதை யாரும் தடுக்கவில்லை.

8

சங்கிலியின் வீடு எதுவென்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் கால் வைத்தவனில்லை. தையல் தழும்போடு ஒருவன் அரிவாளுடன் நின்ற வாசலைப் பார்த்து அதுதான் என்று போனேன். கார்த்திக். அவனுக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி. சங்கிலியின் மகள் பேச்சியம்மாள். நான் இன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியுது” என்றாள். கார்த்திக்கைப் பார்த்து, “நீ உள்ள போ” என்றாள். அவன் போகவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்தேன்.  குளறிக் குளறி, காகிதத்தில் உள்ளதைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

“எங்களுக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்காரு.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“என்னன்னு சொல்ல? ஒங்க வீட்டு ஆளுக்கு நான் கொள்ளி வச்சேன்னா? அதுக்குத் தனியா ஒரு வெட்டு வெட்டியிருப்பிய.”

 உண்மையைச் சொன்னால், வெட்டியிருப்போம்.

“ஒங்க அய்யா கட்டிவச்சு அடிச்சப்பவும் சரி, நீங்க வெட்டுனப்பவும் சரி, எனக்கு விழவேண்டிய அடிதான, விழட்டும்னு சொல்லுவாரு. எங்கம்மா அதுக்காவே அவரோட சண்ட போடுவா.” பிறகு, “அன்னைக்கு அவருக்குக் கஞ்சி கொண்டாந்தது நான்தான். வரப்புல நின்னேன். நீங்க என்னையப் பாக்கல” என்றாள்.

அப்போது செல்லத்துரை வந்துவிட்டான். பாலத்தை விட்டுவிட்டு, கீழே மதகு வழியாகக் கால்வாயில் இறங்கி ஏறியிருக்கிறான். கூட ஆறு பேர். இடுப்பு வரை ஈரம். கார்த்திக் எனக்குப் பின்னால் அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. இரண்டு அரிவாளுக்கும் நடுவில் என் தலைதான்.

“எந்திரிங்க சித்தப்பா.”

“மாட்டேன்.”

“தாண்டிப் போவேன்.”

“தாண்ட முடியாது. வெட்டிட்டுத்தான் போவணும். வெட்டுலே. ஆனா ஒண்ணு. வெட்டுப்பட்டு இங்கன நான் செத்தா, எனக்கும் நீங்க பீடம் போடணும். கொடை குடுக்கணும். நானும் வருசா வருசம் வருவேன். வந்து யாரு ரத்தத்தக் கேப்பேன்னு நெனைக்க? சங்கிலி வீட்டு ரத்தத்தையா? ஒன் ரத்தத்தக் கேப்பேன். ஒனக்கப்பறம் ஒன் மவன் ரத்தத்தக் கேப்பேன். கெடா வெட்டுனாலும் போவமாட்டேன்.”

சும்மா மிரட்டவில்லை. அந்த நேரத்தில் அப்படியே செய்வது என்றுதான் இருந்தேன். செல்லத்துரை மாடனைத் தன் உடம்பில் வாங்குகிறவன். செத்தவன் எப்படி வருவான், எதைத் தூக்குவான் என்று ஊரில் அவனைவிட யாருக்குத் தெரியும். அவன் மகனுக்கு நான்கு வயது. அரிவாள் பைய இறங்கியது. கூட வந்தவர்களில் ஒருவன், “வே, வா, போயிரலாம்” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். என்னைப் பார்த்து, இனிமேல் கொடைக்கு வராதீர்கள், உங்கள் கொடை வரிப்பணமும் எங்களுக்கு வேண்டாம் என்றான் செல்லத்துரை. போகிற போக்கில் வாசலில் நின்ற ஒரு பைக்கை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான்.

அவர்கள் மதகில் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் வாய் வலிக்க ஆரம்பித்தது. நாக்கு தடித்துவிட்டது. பேச்சியம்மாளிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். எங்கள் தெருவிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அவள் நகரவில்லை.

“தெருமுக்குல குழா இருக்கு” என்றாள்.

எழுந்து போனேன். குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன். மூன்று தடவையும் சிவப்பாகத்தான் வந்தது. திரும்பி வந்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே தாழ் போட்டிருந்தது. கால்வாய்க்கு எங்கள் கரையில் மறுபடியும் மேளம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மனசு மாறி எங்கள் ஆட்களில் யாராவது மறுபடியும் அரிவாளோடு வரலாம். அந்த வாசற்படியிலேயே, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.